7 மாம்பழமும் விக்கி ஓட்டைகளும்

முதலில் ஒரு எல்.கே.ஜி. கணக்கு. "7 மாம்பழம்" என்பது பூஜ்யத்தைவிடப் பெரியதா?

நம்மகிட்ட கேட்டா "என்னய்யா கேள்வி இது, எண்ணையும் பழத்தையும் எப்படி ஒப்பிடுறது" என்போம். அந்தக் காலத்து பி.எச்.பி. மொழியிடம் கேட்டால் அது யோசிக்கவே யோசிக்காது. முன்னால் இருக்கிற 7-ஐ மட்டும் எடுத்துக்கும், மாம்பழத்தைக் கண்டுக்காது, "ஆமா சாமி, பெருசுதான்" என்று தலையாட்டிவிடும். இந்த ஒரு தலையாட்டலால்தான், விக்கிப்பீடியா ஓடுகிற மீடியாவிக்கி மென்பொருளில் 2006 தொடங்கி 2014 ஜனவரி வரைக்கும் ஒரு ஓட்டை இருந்தது. சின்ன ஓட்டை இல்லை மக்களே, வெளியில் இருக்கிற யாரோ ஒருத்தர் சர்வருக்குள் தன் இஷ்டத்துக்குக் கட்டளை போடுகிற அளவுக்குப் பெரிய ஓட்டை. ஏழு வருஷத்துக்கும் மேல!

இந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் விக்கி என்ற வஸ்துவைப் பற்றிக் கொஞ்சம். தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிக்கலாம். 1995 மார்ச் 25 அன்று வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலர், பெர்ல் மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரலை இணையத்தில் ஏற்றினார். யார் வேண்டுமானாலும் பக்கத்தைத் திருத்தலாம், அவ்வளவுதான் விஷயம். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடுகிற 'விக்கி விக்கி' பஸ் ஞாபகத்துக்கு வந்து அந்தப் பேரையே வைத்தார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் சீக்கிரம்.

மத்த மென்பொருளுக்கும் விக்கிக்கும் அடிப்படையிலேயே ஒரு வித்தியாசம் உண்டு. வங்கி மென்பொருள் எழுதுகிறவர் அந்நியனை வாசலிலேயே நிறுத்தத்தான் நிரல் எழுதுவார். விக்கி எழுதுகிறவர் அந்நியனைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, பேனாவையும் கையில் கொடுக்கிறார். எழுத விடணும், ஆனா எழுதறதைத் தவிர வேற எதையும் செய்ய விடக்கூடாது. சொல்ல எளிது.

எங்க பக்கத்து உதாரணம் ஒண்ணு சொல்றேன். நமக்குச் சொந்த ஊர் விருதுநகர். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சிவகாசி. வெளியூர்க்காரங்களுக்கு சிவகாசி என்றால் பட்டாசு. உள்ளூர்க்காரங்களுக்குப் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று மூணு. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கிறோம். கையால் எழுதின தாளில் விஷயம் இருக்கும், ஓரத்தில் "இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடவும்" என்று அச்சகத்துக்கு ஒரு குறிப்பும் இருக்கும். கவனம் இல்லாத ஆள் அந்தக் குறிப்பையும் சேர்த்து அச்சடித்துவிடுவார். "மணமகன் திருநிறைச்செல்வன் இன்னார், இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடவும்" என்று பத்திரிகை வந்து நிற்கும். சிரித்துவிட்டுப் போகலாம்.

இதைத் தலைகீழாக்கிப் பாருங்கள். மணமகன் பேர் எழுதுகிற இடத்தில் ஒருத்தன் "கல்லாவைத் திறந்து இந்தத் தாளைக் கொண்டு வருபவரிடம் பணத்தைக் கொடுக்கவும்" என்று எழுதிக் கொடுக்கிறான். அச்சகத்து ஆள் அதைப் பேர் என்று நினைக்காமல் முதலாளியோட உத்தரவு என்று நினைத்துச் செய்தும் விடுகிறார். இதுதான் எங்க தொழிலில் 'கோட் எக்ஸிகியூஷன்' என்று சொல்லிப் பயப்படுகிற சமாச்சாரம். தரவு எது, கட்டளை எது என்று கணினி குழம்பிப் போகிற இடம். பஃபர் ஓவர்ஃப்ளோ அது இதுன்னு வேற வழிகளும் இருக்கு. விக்கி உலகத்தில் பெரும்பாலும் இந்தக் குழப்பம்தான்.

முதலில் நல்லா மாட்டினது ட்விக்கி. பீட்டர் தோனி 1998-இல் தொடங்கியது. பெரிய கம்பெனிகள் உள்வலையில் வைத்துக்கொண்ட விக்கி அது. இதுவும் பெர்ல்தான். அந்தக் காலத்து யூனிக்ஸ்காரர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. இருக்கிற கருவியைத் திரும்பச் செய்யாதே, எடுத்துப் பயன்படுத்து. தேடணுமா? யூனிக்ஸில் 'கிரெப்' இருக்கே. பக்கத்தின் பழைய பதிப்புகளைச் சேமிக்கணுமா? ஆர்.சி.எஸ். இருக்கே. பயனர் கொடுத்த சொல்லை ஒரு கட்டளை வரியில் ஒட்டி ஷெல்லிடம் கொடுத்தால் வேலை முடிந்தது.

பயனர் கொடுத்த 'சொல்' ஒரு சொல்லாக இருக்கிற வரைக்கும் சரி. ஷெல்லுக்குச் சில குறிகள் புனிதமானவை. அரைப்புள்ளி வந்தால் "இந்தக் கட்டளை முடிஞ்சது, அடுத்ததை ஓட்டு" என்று அர்த்தம். செங்குத்துக் கோடு வந்தால் "இதன் விளைவை அடுத்ததுக்குக் கொடு". 2004 நவம்பரில் ட்விக்கியின் தேடல் பெட்டியில் இந்த ஓட்டை வெளியே வந்தது. தேடுசொல்லுக்குப் பின்னால் ஒரு கட்டளையைச் சேர்த்து அனுப்பினால் சர்வர் தேடிக்கொடுத்துவிட்டு அதையும் ஓட்டும். அடைத்தார்கள். அடுத்த வருஷம், 2005 செப்டம்பரில், திரும்பவும். இந்தத் தடவை பழைய பதிப்பைக் காட்டுகிற வசதி. "பதிப்பு எண் 2-ஐக் காட்டு" என்று முகவரியில் கேட்கிறோம் இல்லையா, அந்த எண்ணை அப்படியே ஆர்.சி.எஸ். கட்டளையில் ஒட்டியிருந்தார்கள். 2-க்குப் பின்னால் வால் ஒட்டினால் வாலும் ஓடும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. தேடுசொல்லைச் சந்தேகப்பட யாருக்கும் தோணும், அது எழுத்து. பதிப்பு எண்ணை யார் சந்தேகப்படுவா? எண்தானே. ஆனா வலையில் வந்து சேர்கிற எதுவுமே எண்ணாக வருவதில்லை, எல்லாம் எழுத்துச் சரமாகத்தான் வருகிறது. அது எண் என்பது நம்மளோட நம்பிக்கை மட்டும்தான்.

நடுவில் 2007 அக்டோபரில் டிக்கிவிக்கி கதை ஒண்ணு வந்தது. சூத்திரம் கொடுத்தால் வரைபடம் வரைந்து தருகிற வசதி. கொடுத்த சூத்திரத்தை அப்படியே பி.எச்.பி. ஃபங்ஷனாக மாற்றி ஓட்டியிருந்தார்கள். இதுக்கு மேல் சொல்ல ஒண்ணும் இல்லை. கல்லாச் சாவியை வாசல் ஆணியில் மாட்டி வைக்கிற கேஸ்.

இப்ப மீடியாவிக்கிக்கு வருவோம். 2001 ஜனவரியில் விக்கிப்பீடியா தொடங்கினபோது அது யூஸ்மாட்விக்கி என்ற பெர்ல் நிரலில் ஓடியது. கூட்டம் தாங்கவில்லை. ஜெர்மன் மாணவர் மாக்னஸ் மான்ஸ்கே பி.எச்.பி.யில் புதுசா எழுதியதற்கு 2002 ஜனவரியில் மாறினார்கள். அதுவும் திணறவே லீ டேனியல் கிராக்கர் திரும்ப எழுதி 2002 ஜூலையில் ஏற்றினார். இன்றைக்கு நாம் பார்க்கிற மீடியாவிக்கியின் வேர் அதுதான். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. ஆரம்பத்தில் தனி ஆளாக நின்று அடித்தளம் போட்டவர் யாழ்ப்பாணத்துக்காரரான இ. மயூரநாதன். நம்ம பதிவுலகம் யூனிகோடா, டிஸ்கியா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே காலம். (இந்த டிஸ்கி எழுத்துக்குறி டிஸ்கி, பதிவோட கடைசியில் வருகிற டிஸ்கி இல்லை, ஹி ஹி.)

மீடியாவிக்கிக்காரர்கள் ஒண்ணும் அசட்டையான ஆட்கள் இல்லை. விக்கிப்பீடியாவில் கணிதச் சமன்பாடுகளை டெக் மொழியில் எழுதலாம். டெக் ஒரு முழு நிரல்மொழி, அதில் கோப்பு படிக்கலாம், எழுதலாம். அந்நியன் கையில் அதை அப்படியே கொடுத்தால் வம்பு. அதனால் நடுவில் 'டெக்ஸ்விசி' என்று ஒரு காவல்காரனை ஓகேமல் மொழியில் எழுதி உட்கார வைத்தார்கள். அனுமதிக்கப்பட்ட குறியீடுகளின் பட்டியல் அவனிடம் இருக்கும். பட்டியலில் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் பிழைச்செய்தி. எது கெட்டது என்று பார்க்காமல் எது நல்லது என்று மட்டும் பார்க்கிற முறை. 2003 வாக்கிலேயே இவ்வளவு தெளிவா யோசித்திருக்கிறார்கள். அதான் அடுத்து வர்றதைப் படிக்கும்போது வயிற்றெரிச்சலா இருக்கு.

டெஜாவூ என்று ஒரு கோப்பு வகை உண்டு. 90-களின் பிற்பகுதியில் ஏ.டி. அண்ட் டி. ஆய்வகத்தில் யான் லெகுன், லியோன் போட்டூ, பாட்ரிக் ஹாஃப்னர் எல்லாம் சேர்ந்து செய்தது. ஆமா, இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு என்றால் முதலில் சொல்கிறார்களே, அதே லெகுன். பழைய புத்தகத்தை வருடி எடுத்தால் கோப்பு ரொம்பப் பெரிசாகும். எழுத்தைத் தனியாகவும் தாளின் பின்னணியைத் தனியாகவும் பிரித்துச் சுருக்கினால் கையடக்கமாகும் என்பது அவர்கள் யோசனை. விக்கிமூலம் போன்ற நூலகத் திட்டங்களுக்கு இது வரப்பிரசாதம். மீடியாவிக்கி 1.8 பதிப்பில், 2006-இல், டெஜாவூ ஆதரவு வந்தது.

முந்நூறு பக்கப் புத்தகத்தில் ஏழாம் பக்கத்தை மட்டும் உலாவியில் காட்டணும். மீடியாவிக்கி என்ன செய்தது? டெஜாவூ கோப்பைப் படமாக மாற்றுகிற வெளி நிரல் ஒன்றைக் கூப்பிட்டது. கட்டளை வரியில் மூணு விஷயம் போகணும்: எந்தக் கோப்பு, எந்தப் பக்கம், எவ்வளவு அகலம். கோப்பின் பேர் பயனர் வைத்தது, அதில் எந்தக் குறியும் இருக்கலாம் என்பதால் அதற்கு மேற்கோள் உறை போட்டுப் பத்திரமாக அனுப்பினார்கள். பக்க எண்ணுக்கு உறை போடவில்லை. எண்தானே!

சும்மாவும் விடவில்லை, ஒரு சோதனை வைத்திருந்தார்கள். பக்க எண் பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா என்று. இங்கதான் நம்ம மாம்பழம் வருது. "7"-க்குப் பின்னால் அரைப்புள்ளியும் ஒரு கட்டளையும் ஒட்டிக்கொண்டு வந்தாலும், பி.எச்.பி. முன்னால் இருக்கிற 7-ஐப் பார்த்து, பூஜ்யத்தைவிடப் பெருசு, போகலாம் என்று விட்டுவிடும். சோதித்துப் பார்த்தது 7-ஐ. ஷெல்லிடம் போனது முழுச் சரமும், வாலோடு. கேட்டில் டிக்கெட்டை மட்டும் பார்த்துவிட்டு ஆள் தோளில் தூக்கி வருகிற மூட்டையைப் பார்க்காத மாதிரி.

2014 ஜனவரி கடைசி வாரத்தில் இது வெளியே வந்தது. கண்டுபிடித்தது செக் பாயின்ட் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் ஆய்வாளர்கள். விக்கிமீடியாவுக்கு முன்கூட்டியே தெரிவித்து, திருத்தம் தயாரான பிறகுதான் ஊருக்குச் சொன்னார்கள். சி.வி.இ-2014-1610 என்று எண் கொடுத்தார்கள். 1.22.2, 1.21.5, 1.19.11 ஆகிய பதிப்புகளில் அடைக்கப்பட்டது. பி.டி.எஃப். கோப்புகளுக்கான நீட்சியிலும் இதே கதைதான், அங்கே படத்தின் அகலம். அதுவும் எண்தானே! 2006-க்குப் பிறகு மீடியாவிக்கியில் இந்த ரகத்தில் மொத்தமே இது மூன்றாவதுதான் என்று செக் பாயின்ட்டே சொன்னது. அந்த மென்பொருளின் பரப்புக்கு அது நல்ல மதிப்பெண்தான்.

எல்லா மீடியாவிக்கியும் ஆபத்தில் இல்லை. டெஜாவூ, பி.டி.எஃப். பதிவேற்ற வசதியைத் திறந்து வைத்திருந்தவைதான். விக்கிப்பீடியாவும் அதன் தங்கைத் திட்டங்களும் திறந்துதான் வைத்திருந்தன.

திருத்தத்தின் நிரலைப் போய்ப் படித்தேன். பக்க எண்ணை முழு எண்ணாக மாற்றி, திரும்பச் சரமாக்கி, வந்த சரத்தோடு அச்சு அசலாகப் பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பொருந்தவில்லை என்றால் வால் இருக்கிறது, கிளம்பு. பக்கத்தில் ஒரு குறிப்பும் உண்டு. எண்ணுக்குப் பின்னால் ஏதாவது ஒட்டியிருந்தால் அது அநேகமாகப் படத்தின் விளக்கவுரையாக இருக்கும் என்கிற அர்த்தத்தில். அதாவது ஒரு அப்பாவிப் பயனர் "இந்நூலின் 3-ஆம் பக்கத்தில் இன்னது இருக்கிறது" என்று தலைப்பு எழுதியிருப்பாராம், மென்பொருள் அதைப் பக்க எண்ணென்று தப்பாக எடுத்துக்கொண்டிருக்குமாம். தாக்குதலைப் பத்தி அந்தக் குறிப்பில் மூச்சே இல்லை. எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. பாதுகாப்புத் திருத்தத்தை அடக்கமா உள்ளே நுழைக்கிற பழக்கம் அது.

நம்ம ஆட்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். தமிழ் விக்கிமூலத்துக்குப் போய் ஏதாவது ஒரு மெய்ப்புப் பக்கத்தைத் திறங்க. ஒரு பக்கம் வருடிய படம், இன்னொரு பக்கம் தட்டச்சு செய்த உரை. முகவரியின் கடைசியில் கோப்பின் பேர், ஒரு சாய்கோடு, பக்க எண். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களில் 2,000-க்கும் மேற்பட்டவற்றை தமிழ் இணையக் கல்விக்கழகம் கொடுக்க, 2015, 2016 வாக்கில் விக்கிமூலத்தில் ஏற்றினார்கள். அத்தனையும் பி.டி.எஃப். ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் உள்ளே ஒரு எண் வெளி நிரலிடம் போய்ப் படமாகத் திரும்பி வருகிறது. நல்லவேளை, ஓட்டை அடைத்து ஒரு வருஷம் கழித்துத்தான் அந்தப் புத்தகங்கள் வந்து சேர்ந்தன.

விக்கிப்பீடியாவுக்குச் சம்பளம் வாங்குகிற பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஓட்டை என்று சேதி வந்த உடனே அடைத்துவிட்டுத்தான் ஊருக்கே சொல்வார்கள். தனியா மீடியாவிக்கியை இறக்கி, வாடகை சர்வரில் வைத்து, ராத்திரி வேலை முடிந்து வந்து பராமரிக்கிற ஆட்களுக்கு அந்த வசதி கிடையாது. சேதி வெளியான நிமிஷத்திலிருந்து ஓட்டம் தொடங்குகிறது. அவங்க பதிப்பை ஏற்றுகிறார்களா, அதுக்குள்ள வேற எவனாவது வந்துடறானா என்று.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மாயின்மாயின் கதை. பைதான் மொழியில் எழுதின விக்கி அது. படம் வரைந்து ஏற்றுகிற வசதியில் ஒரு ஓட்டை இருந்தது, கோப்பை வைக்கக்கூடாத அடைவில் வைக்க முடிந்தது. 2012 கடைசியில் தெரிய வந்தபோது டெபியன் லினக்ஸ் திட்டத்தின் விக்கிக்குள் பல மாதம் முன்னாலேயே ஆள் நுழைந்திருந்தது தெரிந்தது. எல்லார் கடவுச்சொல்லையும் மாற்றச் சொன்னார்கள். பைதான் மொழிக்காரர்களின் சொந்த விக்கியில் அதைவிட மோசம். 2013 ஜனவரி 5 அன்று உள்ளே வந்தவன், மாயின் பயனருக்குச் சொந்தமான கோப்புகள் அத்தனையையும் அழித்துவிட்டான். பைதான் விக்கி, ஜைதான் விக்கி இரண்டும் காலி. காப்புப் பிரதி இருந்ததால் மீட்டார்கள். பைதான் விக்கியை, பைதானில் எழுதின விக்கி மென்பொருளில், பைதான் தெரிந்தவர்களே நடத்தியும் இந்தக் கதி.

இதைப் படித்தபோது எனக்கு நூலகம் தளம்தான் ஞாபகம் வந்தது. ஈழத்துத் தமிழ் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள் என்று வருடி வருடிச் சேர்த்து 2005 தொடங்கித் தன்னார்வலர்கள் நடத்துகிற மின்னூலகம். அதுவும் மீடியாவிக்கியில்தான் ஓடுகிறது. அங்கே ஏதோ நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை, தப்பா எடுத்துக்காதீங்க. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 புத்தகங்கள் போனதாகச் சொல்வார்கள். வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகள் அதில் உண்டு. அந்த இழப்பைப் பார்த்த சமூகம் அடுத்த தலைமுறையில் சேர்த்து வைத்த பெட்டகம், எண்ணை எண்தானா என்று பார்க்க மறந்த ஒரு வரி நிரலை நம்பி நிற்கிறது. கோப்பு என்றால் ஒரே ராத்திரியில் நூறு பிரதி எடுக்கலாம், ஓலைச்சுவடிக்கு அது முடியாது. அந்த ஒரு வித்தியாசத்தைத்தான் நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளணும். உங்கள் யாரிடமாவது இப்படித் தனியா ஓடுகிற தமிழ் விக்கி ஏதாவது இருந்தால், பதிப்பு எண்ணைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கடைசிக் காப்புப் பிரதியின் தேதியைப் பாருங்க. அது வேற ஊரில் வேற சர்வரில் இருக்கான்னும் பாருங்க.

கம்பெனிகளின் கதை வேறு மாதிரி. அங்கே ஆளும் உண்டு, காசும் உண்டு, செய்யத்தான் மாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் அட்லாஸியன் விற்கிற கான்ஃப்ளூயன்ஸ்தான் இன்றைக்கு முக்கால்வாசி ஐ.டி. கம்பெனிகளின் விக்கி. அதில் ஓ.ஜி.என்.எல். என்று ஒரு குட்டி மொழி உள்ளே ஓடுகிறது. 2021 ஆகஸ்டில் ஒரு ஓட்டை. ஜென்கின்ஸ் திட்டத்தார் எப்போதோ ஓரங்கட்டி வைத்திருந்த கான்ஃப்ளூயன்ஸ் சர்வருக்குள் அந்த வழியாகப் புகுந்து மொனேரோ நாணயம் தோண்டுகிற நிரலை ஓட்டியிருந்தார்கள். 2022 ஜூனில் இன்னொன்று. இது இன்னும் சுலபம், பக்க முகவரியிலேயே கட்டளையை எழுதி அனுப்பினால் போதும். திருத்தம் வருவதற்கு முன்னாலேயே தாக்குதல் நடந்துகொண்டிருந்தது.

அந்த ஜூன் வெள்ளிக்கிழமை நான் வேறொரு கம்பெனியில் இருந்தேன். பேர் வேண்டாம். அட்லாஸியன் "இணையத்திலிருந்து துண்டித்து வையுங்கள்" என்று அறிவித்திருந்தது. எங்க மேலாளர் "உள்ளேதான் இருக்கு, வி.பி.என். இல்லாம வர முடியாது, திங்கக்கிழமை பார்ப்போம்" என்றார். வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக அதே சர்வருக்கு வெளியே ஒரு வாசல் திறந்து வைத்திருந்தது அவருக்கு ஞாபகம் இல்லை. டீமில் இருந்த ஒரு சீனியர் அக்கா கேட்டுக்கிட்டெல்லாம் இருக்கலை, போய் நிறுத்திட்டாங்க. திங்கக்கிழமை அவங்களுக்குப் பாராட்டு கிடைச்சிருக்கும்னு நினைக்கிறீங்களா? "டாக்குமெண்ட் படிக்க முடியாம ரெண்டு நாள் வேலை கெட்டுப் போச்சு" என்று மெயில் வந்தது. அந்த விக்கியில் சர்வர் கடவுச்சொற்கள் எல்லாம் ஒரு பக்கத்தில் அட்டவணை போட்டு எழுதியிருக்கும். பல கம்பெனிகளில் இன்னமும் அப்படித்தான். 2022 ஏப்ரலில்தான் நம்ம நாட்டு செர்ட்-இன் அமைப்பு, ஊடுருவல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும் என்று உத்தரவு போட்டிருந்தது. திங்கக்கிழமை பார்க்கிறவர்களுக்கு ஆறு மணி நேரம் எங்கே தொடங்கும்?

மீடியாவிக்கிக்காரர்கள் இதையெல்லாம் பார்த்து மெல்ல மெல்ல வேறு வழிக்கு வந்தார்கள். அதற்குக் கடைசியாகத் தள்ளிவிட்டது ஒரு இசை நிரல். விக்கிப்பீடியாவில் இசைக்குறிப்பு எழுத லில்லிபாண்ட் என்ற மென்பொருள் பயன்பட்டது. அதுக்குள் ஸ்கீம் என்ற முழு நிரல்மொழி ஒளிந்திருக்கிறது. 'பாதுகாப்பு முறை' என்று ஒன்று உண்டு, அதைத் தாண்டிவிடலாம் என்று 2020-இல் தெரிந்தது. விக்கிமீடியா அந்த வசதியையே நிறுத்தி வைத்தது, ஏறக்குறைய ஒரு வருஷம். இசைக் கட்டுரை எழுதுகிறவர்கள் புலம்பினார்கள். திரும்ப வந்தபோது அது 'ஷெல்பாக்ஸ்' என்ற ஏற்பாட்டுக்குள் இருந்தது. 2021-இல் 1.36 பதிப்போடு வந்தது. வெளி நிரல் எதுவாக இருந்தாலும் அதை முக்கிய சர்வரில் ஓட்டாமல், தனியா ஒரு கொள்கலனில் வைத்து ஓட்டும். உள்ளே கடவுச்சொல் கிடையாது, தரவுத்தளம் கிடையாது. வெடித்தால் அங்கேயே வெடித்து அடங்கட்டும்.

எங்க ஊர் ஆளுக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்டாசு ஆபீஸ் பார்த்திருக்கிறீர்களா? (எங்க பக்கம் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டோம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்தான்.) பெரிய ஒரே கட்டடமாக இருக்காது. பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். மருந்து கலக்கிற அறை தனி, செலுத்துகிற அறை தனி, சரக்கு இருக்கிற கிட்டங்கி இன்னும் தள்ளி. ஒரு அறைக்குள் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. தப்பு நடக்காது என்ற நம்பிக்கையில் போட்ட விதி இல்லை அது, நடந்தால் அடுத்த அறைக்குப் போகக்கூடாது என்று போட்டது. அந்த இடைவெளியை மதிக்காமல் ஆளையும் சரக்கையும் குவித்தால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பார்த்தோம். 40 பேர் வரை செத்தார்கள். அதில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள்கூட இல்லை, முதல் வெடிச் சத்தம் கேட்டு ஓடிப்போன பக்கத்து ஊர்க்காரர்கள். கணினியில் போவது கோப்பும் கடவுச்சொல்லும், இங்கே போனது உயிர். ரெண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனா தள்ளித் தள்ளி அறை கட்டணும் என்கிற அந்த ஒரு யோசனைக்கு மென்பொருள் உலகம் வந்து சேர 2021 ஆகியிருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எல்லாரும் வந்து சேர்ந்துட்டாங்களா என்றால் இல்லை. எக்ஸ்விக்கி என்று ஜாவாவில் எழுதின ஒரு விக்கி. அதன் தேடல் வசதியில், தேடுசொல்லுக்குள் குரூவி மொழி நிரலை வைத்து அனுப்பினால் சர்வர் ஓட்டுகிறது. உள்நுழையக்கூட வேண்டாம், விருந்தாளியாகவே செய்யலாம். சி.வி.இ-2025-24893. திருத்தம் முன்னாடியே வந்துவிட்டது, ஆனாலும் ஏற்றாத சர்வர்களில் நாணயம் தோண்டுகிறார்கள் என்று தெரிந்து, 2025 அக்டோபரில் அமெரிக்காவின் சிசா அமைப்பு இதைத் 'தாக்குதலில் இருப்பவை' பட்டியலில் சேர்த்தது.

2004-இல் ட்விக்கி மாட்டினதும் தேடல் பெட்டியில்தான்.

டிஸ்கி 1: தாக்குதல் சரங்களை வேணும்னேதான் போடலை. மெயிலில் கேட்டாலும் கிடைக்காது.

டிஸ்கி 2: இ. மயூரநாதனின் உழைப்பைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு போடணும், ஒரு வரியில் தாண்டிப் போனது எனக்கே உறுத்துது. தமிழ் விக்கியில் ஆரம்பத்திலிருந்து இருக்கிற பதிவர்கள் யாராவது எழுதினால் இன்னும் நல்லது.